அவர் அமராத நாற்காலி

காஞ்சிபுரத்தைக் காண வருவோர் முதலில் கோபுரங்களைக் காண்பர். ஏகாம்பரநாதர் கோயில், காமாட்சியம்மன் கோயில், வரதராசப் பெருமாள் கோயில், பல்லவர் எழுப்பிய கைலாசநாதர் கோயில் என்று ஒரு சுற்றுச் சுற்றுவர். திரும்பும் வழியில் பட்டுப் புடவை ஒன்று வாங்குவர். அத்துடன் காஞ்சியைக் கண்டாயிற்று என்று மனநிறைவோடு பேருந்து ஏறுவர். நாம் அவர்களைத் தடுத்து நிறுத்தி, அந்தப் பட்டு நெய்யப்படும் தெருவுக்குள்ளும் சற்று நடந்துவிட்டுப் போங்கள் என்போம்.

அங்கே வீட்டின் கூடத்திலேயே தறி இருக்கும். தரையில் வெட்டிய குழியில் கால்களை இறக்கி நெசவாளி அமர்ந்திருப்பார். புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் அவர் ஒருவரால் நெய்ய முடியாது. பக்கத்தில் இன்னொருவர் அமர்ந்து கரைக்கான நாடாவை எறிய வேண்டும். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒவ்வோர் இழையிலும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வேண்டும். இதனைக் கோர்வை என்பர். கோர்வை சரியாக அமைந்த புடவையில் இரு நிறமும் தத்தம் நிறம் கெடாமல் நிற்கும். இழுத்தாலும் இணைப்பு விடாது. கோர்வை தவறிய புடவை, எத்துணை சரிகை போட்டதாயினும், தேறாத புடவைதான்.

இத்தகைய நெசவுக் குடும்பம் ஒன்றில் 1909-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் ஒரு பிள்ளை பிறந்தது. தந்தையார் நடராசன், தாயார் பங்காரு அம்மாள். பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவர் சிற்றன்னை இராசாமணி அம்மாள். தொத்தா என்று அவரை அந்தப் பிள்ளை அழைத்தது. அந்தப் பிள்ளைதான் பிற்காலத்தில் நாடு அண்ணா என்று அழைத்த காஞ்சிபுரம் நடராசன் அண்ணாதுரை.

அண்ணாவின் அறிவைப் பற்றியோ நாவன்மையைப் பற்றியோ எழுத நாம் முற்படவில்லை. அவற்றைப் பற்றி எழுதாத ஏடு இல்லை, பேசாத மேடை இல்லை. நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் ஒன்றே ஒன்று. தலைமைக்கு உரிய குணம் எது? இன்று அதனைக் கற்பிக்கப் பயிலகங்கள் இருக்கின்றன, பட்டங்கள் இருக்கின்றன, தலையணைப் பருமனில் நூல்கள் இருக்கின்றன. எதிரியை மடக்குவது எப்படி, கூட்டத்தைக் கவர்வது எப்படி, பதவியைப் பிடிப்பது எப்படி என்றெல்லாம் அவை கற்பிக்கின்றன. பிடித்த பதவியை விட்டுக்கொடுப்பது எப்படி என்று கற்பிக்கும் பயிலகம் எங்கும் இருப்பதாக நாம் கேள்விப்படவில்லை. அந்தப் பாடத்தைக் கற்க விரும்புவோர்க்கு அண்ணாவின் வாழ்வு இருக்கிறது.

வறுமையில் தொடங்கிய வாழ்வு அது. காஞ்சிப் பச்சையப்பன் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மாணவர், குடும்ப நிலையை எண்ணிப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டுக் காஞ்சி நகராட்சியில் எழுத்தராகப் பணி செய்தார். பிறகு மீண்டும் படித்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, பொருளியலும் அரசியலும் பயின்று பட்டம் பெற்றார். மாணவராக இருக்கும்போதே, 1930-இல், இராணி அம்மையாரை மணந்தார். படித்து முடித்தவுடன் சிறிது காலம் ஆசிரியப் பணி. பெரிய உத்தியோகம் தேடிப் போயிருந்தால் கிடைத்திருக்கும். பட்டதாரிகள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவே இருந்த காலம் அது. அவர் தேடிப் போனதோ பெரியாரை. 1934-இல் திருப்பூர் மாநாட்டில் இருவரும் சந்தித்தனர். பிறகு ஈரோடு, விடுதலை அலுவலகம், குடிஅரசு எழுத்து, 1938-இல் இந்தி எதிர்ப்புக்காகச் சிறை என்று அவருடைய வாழ்க்கை ஓடியது. 1942-இல் சொந்த ஊரான காஞ்சியிலிருந்தே திராவிட நாடு என்ற கிழமை ஏட்டைத் தொடங்கினார். 1944-இல் சேலத்தில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாக மாறிய தீர்மானத்துக்கு அவர் பெயரே அமைந்தது.

தலைவரிடம் இவ்வளவு நெருங்கியிருந்தவர், தலைவரோடு முரண்பட்டபோது எப்படி நடந்துகொண்டார் என்பதைத்தான் நாம் ஊன்றிக் காண வேண்டும். 1947 ஆகஸ்ட் 15 வந்தது. அதனைத் துக்க நாளாகக் கருத வேண்டும் என்றார் பெரியார். விடுதலை எல்லார்க்கும் பொதுவானது, அதனை வரவேற்க வேண்டும் என்று அண்ணா எழுதினார். ஏட்டில், தம் பெயரில், காரணம் காட்டி எழுதினார். தலைவர் சினந்தார் என்பதற்காகக் கருத்தை மாற்றிக்கொள்ளவுமில்லை. கருத்து வேறு என்பதற்காகத் தலைவரைத் தூற்றவுமில்லை. உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுவோர் மலிந்த உலகில் இஃது அரிய குணமன்றோ?

இரண்டாண்டில் பிளவு வந்தே தீர்ந்தது. பெரியாரின் திருமண முடிவும், இயக்கத்துக்குள் கருத்துரிமை வேண்டும் என்ற குறையும் சேர்ந்து, அண்ணாவும் தோழர்களும் விலகினர். 1949 செப்டம்பர் 17-ஆம் நாள், சென்னை இராயபுரம் இராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில், திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்தது. புதுக் கட்சிக்குப் பொதுச் செயலாளர் உண்டு; தலைவர் என்று எவரும் இல்லை. தலைவர் நாற்காலி பெரியாருக்கு உரியது, அது காலியாகவே இருக்கும் என்று அறிவித்தார் அண்ணா. விலகி வந்தவர், விலகி வந்த தலைவருக்கே இடம் வைத்து ஒரு கட்சி தொடங்கினார்!

இது தந்திரம் என்று எள்ளி நகையாடியவர்கள் அன்றே இருந்தனர். பெரியாரின் தொண்டர்களை இழுப்பதற்கு விரித்த வலை என்றனர். பெரியாரும் பொறுத்துக்கொள்ளவில்லை, கண்ணீர்த்துளிகள் என்று பெயர் சூட்டி மேடைதோறும் சாடினார். ஐயத்தை எழுப்பியவர்களை நாம் குறை கூறோம். ஒருவர் உள்ளத்தில் இருப்பது மரியாதையா, கணக்கா என்பதை அன்றைக்கே எவரும் அறுதியிட்டிருக்க முடியாது. காலம்தான் அதனை உரைத்துப் பார்க்க வேண்டும். காலம் பதினெட்டு ஆண்டு எடுத்துக்கொண்டது. விடையைப் பிறகு கூறுவோம்.

அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் அண்ணா விட்டுக்கொடுத்தவற்றை மட்டும் இங்கே எண்ணிப் பார்ப்போம்.

1950-களின் நடுவில், பொதுச் செயலாளர் பொறுப்பைத் தாமே வைத்துக்கொள்ளாமல், தம்மைவிட இளையவரான நாவலர் நெடுஞ்செழியனிடம் ஒப்படைத்தார். கட்சியில் அவரை மாற்ற விரும்பியவர் எவருமில்லை, போட்டியிட்டவர் எவருமில்லை. ஆயினும் இறங்கி அமர்ந்தார். இளையவரின் தலைமையில் மாநாட்டுப் பந்தலில் தொண்டராக இருந்தார். 1960-இல்தான் மீண்டும் அப்பொறுப்புக்கு வந்தார்.

1956-இல் திருச்சி மாநாடு. தேர்தலில் நிற்பதா, வேண்டாமா என்ற கேள்வி கழகத்தின் முன் நின்றது. மேடையிலிருந்து அவர் ஒரு சொல் கூறியிருந்தால் கூட்டம் அதனை ஏற்றிருக்கும். அவரோ பெட்டிகளை வைக்கச் செய்து, வந்திருந்தோரின் வாக்கைப் பெற்று முடிவெடுத்தார். நிற்கலாம் என்றே பெரும்பாலோர் வாக்களித்தனர். 1957-இல் கழகம் முதன்முறையாகப் போட்டியிட்டு 15 இடங்களில் வென்றது. அண்ணா காஞ்சிபுரத்திலிருந்து சட்டமன்றத்துக்குச் சென்றார்.

அடுத்த தேர்தல் 1962-இல். கழகம் 50 இடங்களில் வென்றது. கழகத்தைத் தோற்றுவித்தவரோ தம் சொந்த ஊரிலேயே தோற்றார்! எந்தத் தெருவில் விளையாடினாரோ, எந்த நகராட்சியில் எழுத்தராக இருந்தாரோ, எந்த நெசவாளர்களுக்காக 1953-இல் கைத்தறித் துணி மூட்டையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாய் விற்றாரோ, அந்தக் காஞ்சி அவரைத் தோற்கடித்தது. பேருந்து முதலாளி ஒருவர் வென்றார். இத்தகைய அடி விழுந்தால் ஊரைச் சபிப்போர் உண்டு. நன்றி கெட்டவர்கள் என்று மக்கள்மீது பாய்வோர் உண்டு. அண்ணா காஞ்சியைப் பழிக்கவில்லை. மற்றவர்கள் பழிக்கவும் இடம் கொடுக்கவில்லை. வென்று வந்த ஐம்பது பேரின் வெற்றியைக் காட்டித் தொண்டர்களைத் தேற்றினார். மாநிலங்களவைக்குச் சென்று, வடவரும் காதுகொடுத்துக் கேட்கும் வகையில் ஆங்கிலத்தில் தமிழர் வழக்கை எடுத்துரைத்தார்.

அதே ஆண்டில் சீனப் படையெடுப்பு வந்தது. அதுவரை கழகத்தின் உயிர்க்கொள்கையாக இருந்தது திராவிட நாட்டுப் பிரிவினை. அதற்காகவே கட்சியில் சேர்ந்தவர்கள் பல்லாயிரம் பேர். போர்க்காலத்தில் அதனை வற்புறுத்த மாட்டோம் என்று அண்ணா ஒத்திவைத்தார். 1963-இல், பிரிவினை கோருவோர் தேர்தலில் நிற்பதற்கு வழியில்லாதபடி அரசியல் சட்டத்தின் பதினாறாம் திருத்தம் வந்தபோது, அந்தக் கோரிக்கையையே கழகம் கைவிட்டது. பதவிக்காகக் கொள்கையை விற்றார் என்றனர் மாற்றார். அஞ்சி ஒடுங்கினார் என்றனர் வேறு சிலர். அஞ்சியவர் என்றால் அதே 1963 நவம்பரில் மொழிக்காக அரசியல் சட்டப் பிரிவைக் கொளுத்த முனைந்து கைதாகி, ஆறு திங்கள் சிறைத் தண்டனை ஏற்றிருப்பாரா? எதை விடலாம், எதை விடலாகாது என்று அறிந்திருந்தார் என்பதே உண்மை. வீட்டைக் காக்க வேலியை மாற்றிக் கட்டலாம். வீட்டையே விற்றல் ஆகாது. நாடு என்ற கோரிக்கையை விட்டார். மொழி என்ற உரிமையை விடவில்லை.

இங்கே ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். அண்ணாவின் பேச்சிலும் எழுத்திலும் கடுமையே இல்லை என்று எவரேனும் கூறினால் அது பொய். ஆரிய மாயையும் கம்பரசமும் எழுதியவர் அவர்தான். அவை பலரைப் புண்படுத்தின; வழக்கும் வந்தது. ஆனால் ஆண்டுகள் ஏற ஏற அவர் சொல்லில் காரம் குறைந்து கனிவு கூடியது. கருத்தைத் தாக்குவதற்கும் ஆளைத் தாக்குவதற்கும் இடையே அவர் ஒரு கோடு கிழித்துக்கொண்டார். கடமை, கண்ணியம், கட்டுப்பாடு என்று அவர் கழகத்தவர்க்கு வகுத்த மூன்றில் நடுவே நிற்பது கண்ணியம். அதனை நடுவே வைத்தது மோனைக்காக மட்டும் அன்று என்பது நமது எண்ணம்.

1967 வந்தது. இராசாசியின் சுதந்திராக் கட்சியையும் பொதுவுடைமையரையும் முஸ்லிம் லீகையும் ஒரே அணியில் கொண்டு வந்து நிறுத்தினார் அண்ணா. ஒருவரோடொருவர் ஒட்டாத நிறங்கள் அவை. ஒருவர் நிறத்தை மற்றவர் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. இணையும் இடத்தில் மட்டும் இழை விடாமல் பார்த்துக்கொண்டார். காஞ்சித் தெருவில் பிறந்தவருக்குக் கோர்வை வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டுமா, என்ன? 234 இடங்களில் 137-ஐக் கழகம் வென்றது. இருபது ஆண்டுக் காங்கிரசு ஆட்சி முடிந்தது.

அந்தத் தேர்தலில் பெருந்தலைவர் காமராசர் விருதுநகரில் ஓர் இளைஞரிடம் தோற்றார். மாற்றார் முகாமின் மாபெரும் தளபதி வீழ்ந்தால் யார்தாம் கொண்டாட மாட்டார்? அண்ணா கொண்டாடவில்லை. அத்தகைய ஒருவர் தோற்றிருக்கக் கூடாது என்று அவர் வருந்தியதை உடனிருந்தோர் பதிந்து வைத்துள்ளனர். ஐந்தாண்டுகளுக்கு முன் சொந்த ஊரில் தோற்றவர் அல்லவா? அந்தத் துன்பத்தின் சுவை அவருக்குத் தெரியும்.

இனி, பதினெட்டு ஆண்டு காத்திருந்த விடையைக் கூறுவோம். அந்தத் தேர்தலிலும் பெரியார் காங்கிரசுக்கே ஆதரவு திரட்டினார். கழகத்தை வீழ்த்தவே ஊர் ஊராய்ச் சுற்றினார். வெற்றி பெற்ற அண்ணாவுக்குப் பெரியாரிடமிருந்து பெற வேண்டியது ஒன்றுமில்லை. வாக்கு வேண்டியதில்லை, ஆள் வேண்டியதில்லை, ஆதரவு வேண்டியதில்லை. ஆயினும் ஆட்சிப் பொறுப்பை ஏற்குமுன் அவர் திருச்சிக்குப் போனார். பெரியாரைக் கண்டு வணங்கினார். பதினெட்டு ஆண்டுப் பகை அந்த அறையில் கரைந்தது. தம் ஆட்சியையே பெரியாருக்குக் காணிக்கை என்றார் பிறகு. தந்திரமாக இருந்திருந்தால், பயன் தீர்ந்த அன்றே நாற்காலியை அகற்றியிருப்பார், அண்ணா அகற்றவில்லை. தலைவர் என்ற நாற்காலியில் கழகம் ஒருவரை அமர்த்தியது 1969-இல்தான். அவர் மறைந்த பிறகு.

1967 மார்ச் 6-ஆம் நாள் முதலமைச்சரானார். சீவாத தலை, மழிக்காத முகம், கசங்கிய சட்டை, மூக்குப்பொடி, கையில் ஒரு புத்தகம். பதவி வந்த பிறகும் தோற்றம் மாறவில்லை. அவர் ஆட்சியில் இருந்தது இரண்டாண்டு கூட நிறையவில்லை. அதற்குள் சீர்திருத்தத் திருமணங்களுக்குச் சட்ட உரிமை கிடைத்தது. தாலியும் புரோகிதமும் இன்றி நடந்த பழைய மணங்களும் செல்லும் என்றாயின. 1968 சனவரியில் தமிழும் ஆங்கிலமும் போதும் என்ற இருமொழிக் கொள்கை நிறைவேறியது. சங்கரலிங்கனார் 1956-இல் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டும் கிடைக்காத தமிழ்நாடு என்ற பெயருக்கு, 1967 சூலை 18-ஆம் நாள் சட்டமன்றம் ஒருமனதாக இசைந்தது. 1969 சனவரி 14-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது.

செய்ய முடியாததையும் கூற வேண்டும். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது தேர்தல் மேடையில் ஒலித்த இலக்கு. ஒரு படித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் நடந்தது. மாநிலம் முழுதும் நடத்தக் கருவூலம் இடம் தரவில்லை. 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். பெண்களும் குழந்தைகளுமே அவர்களில் மிகப் பலர். ஆட்சி அண்ணாவுடையது. அவர் உடல் நலிந்திருந்தார் என்பது உண்மை. அதனைக் காட்டி அந்த நெருப்பை மறைக்க நாம் ஒருப்படோம். எளியோர்க்காக எழுந்த ஆட்சியில் எளியோர் எரிந்தனர் என்ற கறை வரலாற்றில் இருக்கிறது, இருக்கவே வேண்டும். கனிவு மட்டுமே ஆதிக்கத்தை அடக்கிவிடாது என்பதும் அண்ணாவின் வாழ்விலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம்தான்.

புற்றுநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. 1968 செப்டம்பரில் நியூயார்க் சென்று அறுவை செய்துகொண்டு திரும்பினார். ஓய்வு வேண்டும் என்றனர் மருத்துவர்கள். 1969 பொங்கல் நாளில் கலைவாணர் என்.எசு. கிருட்டிணன் சிலையைத் திறந்துவைக்க வந்து நின்றார். அதன் பிறகு அவரை மேடையில் நாடு காணவில்லை. பிப்ரவரி 3-ஆம் நாள் கண் மூடினார். அகவை 59. சென்னைக்கு வந்து குவிந்த மக்கள் வெள்ளத்தை உலகச் சாதனை நூல் குறித்து வைத்தது. அந்தக் கணக்கைவிட நாம் பெரிதாக மதிப்பது, அவர் பெயரால் பெருஞ்செல்வம் எதுவும் எஞ்சவில்லை என்பதை.

அவர் வாழ்ந்த காஞ்சி வீடு இன்று நினைவு இல்லம். அவர் பெயரில் அங்கே பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றும் இருக்கிறது. 1962-இல் அவரைத் தோற்கடித்த ஊர், தன் பெருமைகளின் வரிசையில் அவரைக் கோபுரங்களுக்கு அருகே வைத்திருக்கிறது. அவர் அன்று ஊரைத் தூற்றியிருந்தால் இந்த உறவு எஞ்சியிருக்குமா என்று எண்ணிப் பாருங்கள்.

தலைமை தாங்க விழையும் இளைஞர்க்கு, எந்தக் கொடியை ஏந்தியவராயினும், நாம் கூறுவது இதுவே. பேசக் கற்றுக்கொள்ளுங்கள், நல்லது. படியுங்கள், மிக நல்லது. அவற்றோடு, உங்கள் கட்சியிலோ சங்கத்திலோ ஊர் மன்றத்திலோ உங்களுக்கு வாய்த்த நாற்காலியிலிருந்து ஒருமுறை எழுந்து, இன்னொருவரை அமர்த்திப் பாருங்கள். உங்களைத் தோற்கடித்தவரின் வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள். உங்களை ஏசியவர் முதுமையடைந்து நிற்கும்போது அவர் வாயிலில் நின்று வணங்கிப் பாருங்கள். அது கடினம் என்பது செய்யும்போது தெரியும். கடினமானதைச் செய்தவர் ஒருவர் காஞ்சியில், தறிச் சத்தம் கேட்கும் தெருவில் பிறந்தார் என்பதை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.